புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லை: எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருவில் மறுபடி விளக்கு எரிந்தது 19ஆம் நாள். டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்திருந்த நேரம் அது, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கரண்ட் இல்லாத அந்த 18 நாளும் எங்கள் வீட்டில் ஒரு சாமான்கூடப் பழுதாகவில்லை. கரண்ட் வந்த அன்று சாயங்காலம்தான் ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரும் டிவியும் போயின.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி பிறந்ததும் வீட்டை ஒரு சுற்று பார்த்துவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கீழே இருப்பது அந்தச் சுற்றில் சேர்ந்த குறிப்புகள். உங்கள் வீட்டில் இப்போது என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒரே ஒரு நிபந்தனை: வாசலிலோ வயலிலோ கம்பி அறுந்து கிடந்தால் மற்ற எதையும் பார்க்காதீர்கள். ஊரே இருட்டாக இருந்தாலும் அந்தக் கம்பியில் கரண்ட் வரலாம். எவனோ ஒருவன் ஜெனரேட்டரைத் தப்பாக மாட்டியிருந்தாலே போதும். ஆளை நிறுத்தி, மாட்டையும் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டு, லைன்மேனுக்குச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டில் எரிகிறது, எங்கள் வீட்டில் மட்டும் இல்லை

இதைப் புயல் பாதிப்பு என்று நினைத்து நாலு நாள் சும்மா இருந்தவர்களை எனக்குத் தெரியும். முதலில் மெயின் போர்டைப் பாருங்கள். எம்சிபி (கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானாக அணையும் சுவிட்ச்) கீழே விழுந்திருக்கிறதா? பழைய வீடு என்றால் பியூஸ் கட்டையில் கம்பி உருகியிருக்கிறதா? மீட்டரில் டிஸ்பிளே தெரிகிறதா? மீட்டரே செத்துக் கிடந்தால், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயரில்தான் கோளாறு. தென்னை மட்டை விழுந்து இழுத்திருக்கும், அல்லது கம்பத்து முனையில் ஜாயிண்ட் விட்டிருக்கும். அது உங்கள் வேலை கிடையாது. புகார் சொல்ல மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. சிக்னல் இல்லாவிட்டால் பிரிவு அலுவலகத்துக்கு நேரில்தான் போக வேண்டும். மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள். அதை மீட்டர் பெட்டிக் கதவின் உட்பக்கம் பெயிண்டால் எழுதி வையுங்கள். போனில் மட்டும் இருக்கும் எண், போன் அணைந்தால் இல்லை.

உருகிய பியூஸுக்குப் பதிலாகத் தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கரண்ட் அளவுக்கு மேல் பாயும்போது உருக வேண்டியது பியூஸ் கம்பிதான். அது உருகாவிட்டால் வேறு ஏதாவது உருகும்.

டெஸ்டர் எரிகிறது, பல்பு எரியவில்லை

பிளக் பாயிண்டின் கீழ் இரண்டு துளைகளில் ஒன்றில் மட்டும் டெஸ்டர் எரிய வேண்டும். இரண்டிலும் எரிகிறது, ஆனால் ஃபேன் ஓடவில்லை, பல்பும் எரியவில்லை என்றால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. கரண்ட் வருகிறது, திரும்பிப் போக வழியில்லை. பல்பு எரியவில்லை என்பதால் லைனில் கரண்ட் இல்லை என்று நினைத்து ஒயரைப் பிடித்தால் ஷாக் அடிக்கும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

த்ரீ பேஸ் (கரண்ட் மூன்று லைனாக வரும்) வீட்டில் பாதி அறையில் எரிந்து பாதியில் எரியாவிட்டால், ஒரு பேஸ் மட்டும் போயிருக்கிறது என்று அர்த்தம். சிங்கிள் பேஸ் விளக்கு, ஃபேன்களைப் பேஸ் மாற்றும் சுவிட்சில் இன்னொரு பேஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். த்ரீ பேஸ் மோட்டாரை மட்டும் ஓட்டிவிடாதீர்கள். இரண்டு பேஸில் உறுமிக்கொண்டே நின்று காயில் கருகிவிடும்.

ஊரே இருட்டு, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை

யாரிடம் கேட்டாலும் "நாளைக்கு" என்பார்கள். கேட்பதைவிடப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. கரண்ட் மேலிருந்து கீழே வருகிறது: துணைமின் நிலையம், அங்கிருந்து 11 ஆயிரம் வோல்ட் லைன், ஊர் டிரான்ஸ்பார்மர், அங்கிருந்து தெருக் கம்பங்கள், கடைசியில் உங்கள் வீட்டு ஒயர். சரிசெய்வதும் இதே வரிசையில்தான். அதனால் டிரான்ஸ்பார்மர் வரைக்கும் நடந்துபோய்ப் பாருங்கள். அது நிற்கிறதா? அதிலிருந்து உங்கள் தெருவுக்கு வரும் கம்பங்களில் எத்தனை சாய்ந்திருக்கின்றன? பக்கத்து ஊரில் விளக்கு வந்துவிட்டதா? டிரான்ஸ்பார்மர் நிமிர்ந்து நின்று, பக்கத்து ஊரிலும் வந்துவிட்டால் ஓரிரு நாளில் எதிர்பார்க்கலாம். துணைமின் நிலையத்திலிருந்து வரும் 11 ஆயிரம் லைனே வயலில் படுத்திருந்தால் வாரக் கணக்கில் திட்டம் போடுங்கள். கஜாவில் நாங்கள் முதல் மூன்று நாள் "இன்றைக்கு வந்துவிடும்" என்றே ஓட்டினோம். இன்வர்ட்டர், ஃபிரிட்ஜ், தண்ணீர் மூன்றையும் வீணடித்தது அந்த மூன்று நாளில்தான்.

இன்னொன்று, நீளக் கம்பால் டிரான்ஸ்பார்மர் பியூஸைத் தட்டிப் போடத் தெரிந்த வீரர் ஒருவர் ஊருக்கு ஊர் இருப்பார். அவரைப் பிடித்து வீட்டில் உட்கார வையுங்கள்.

இன்வர்ட்டர் இரண்டு மணி நேரத்தில் கீச்சிடுகிறது

ஒரு கணக்கு போடுவோம். 150 ஆம்பியர் அவர் பேட்டரி, 12 வோல்ட், பெருக்கினால் 1800 வாட் அவர். பேட்டரியை முழுக்க வறளவிடக் கூடாது, இன்வர்ட்டரும் கொஞ்சம் தின்னும். கைக்கு வருவது சுமார் 1100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். மூன்று ஃபேன், நாலு பல்பு, டிவி என்று ஓட்டினால் 350 வாட்டைத் தொடும், மூன்று மணி நேரத்தில் தீர்ந்தது. அதே பேட்டரியில் 30 வாட் இழுக்கும் பிஎல்டிசி (கரண்ட் மிச்சமாக்கும் மோட்டார்) ஃபேன் ஒன்றும் 9 வாட் எல்இடி ஒன்றும் மட்டும் ஓடினால் 25 மணி நேரத்துக்கு மேல் வரும். ராத்திரிக்கு மட்டும் என்றால் மூன்று ராத்திரி. புதிய பேட்டரிக்குக் கொடுக்கும் காசில் நாலு பிஎல்டிசி ஃபேன் வாங்கிவிடலாம், என்னைக் கேட்டால் அதுதான் முதல் செலவு.

கணக்குப்படி வராமல் சீக்கிரமே கீச்சிட்டால் பேட்டரிதான் பிரச்சினை. மூடியில் இருக்கும் மிதவைக் குச்சியைப் பாருங்கள், சிவப்புக் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். ஆர்ஓ தண்ணீர் ஊற்றாதீர்கள், மழைத்தண்ணீரும் வேண்டாம். முனைகளில் பச்சை, வெள்ளையாகப் பூத்திருந்தால் இன்வர்ட்டரை அணைத்து, ஒயரைக் கழற்றி, வெந்நீர் விட்டுத் துடைத்து, காயவைத்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். என் பேட்டரியில் இந்த ஒரு வேலையிலேயே ஒரு மணி நேரம் கூடியது. மல்டிமீட்டர் இருந்தால், ஒன்றும் ஓடாதபோது 12.7 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 11.8க்குக் கீழே போனால் நிறுத்திவிடுங்கள்.

கட்டாகிவிட்டது என்று மறுபடி மறுபடி ஆன் செய்து கடைசிச் சொட்டையும் உறிஞ்சாதீர்கள். காலியான பேட்டரியை அப்படியே பத்து நாள் போட்டு வைத்தால் உள்ளே தகடுகளில் உப்புப் படிந்துவிடும். அப்புறம் கரண்ட் வந்தாலும் சார்ஜ் ஏறாது, சில இன்வர்ட்டர்கள் அப்படியொரு பேட்டரி இருப்பதையே ஏற்காது. நீண்ட நாள் கரண்ட் வராது என்று தெரிந்தால், பாதி இருக்கும்போதே அணைத்துவிட்டு, ஜெனரேட்டர் வரும் நாளில் அதையும் சேர்த்து சார்ஜ் போடுங்கள். காலி பேட்டரி நிரம்பப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். அரைமணி கரண்ட் வந்து போனதை நம்பி டிவியைப் போடாதீர்கள்.

மாடியில் சோலார் இருக்கிறது, வெயிலும் அடிக்கிறது, கரண்ட் இல்லை

பழுது இல்லை. மின்வாரிய லைனோடு சேர்ந்த, பேட்டரி இல்லாத சோலார் எல்லாம் லைனில் கரண்ட் போனதும் தானாக அணைந்துவிடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. இல்லையென்றால் உங்கள் மாடியிலிருந்து புறப்படும் கரண்ட், கம்பத்தில் ஏறி வேலை செய்பவரைத் தாக்கும். 2024இல் மத்திய அரசின் மானியத் திட்டம் வந்த பிறகு வைத்தவர்களில் பலருக்கு இது முதல் புயலில்தான் தெரிந்தது. புயலுக்கும் உதவ வேண்டுமென்றால் பேட்டரியோடு இயங்கும் ஹைபிரிட் இன்வர்ட்டர் வேண்டும். அதை வைக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

டேங்கில் தண்ணீர் இல்லை

கரண்ட் இல்லை என்று முதலில் அலறவைப்பது விளக்கும் ஃபேனும் கிடையாது, கழிவறைதான். வீட்டு இன்வர்ட்டரில் 1 எச்பி மோட்டார் ஓடாது. ஓடும்போதே 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு. 3 கேவிஏ ஜெனரேட்டராவது வேண்டும்.

கஜா சமயத்தில் டிராக்டரில் ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக வந்தார்கள். டேங்க் நிரப்ப இத்தனை ரூபாய் என்று பேசிக்கொள்வோம், பக்கத்து வீட்டு அத்தையும் நாங்களும் மாற்றி மாற்றிக் காசு கொடுத்தோம். அப்போது பார்த்த ஒரு காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு பக்கமும் பிளக் மாட்டிய ஒரு ஒயர், ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை வீட்டு ஹால் பிளக் பாயிண்டில். மெயினை அணைத்தீர்களா என்றால், "அதான் கரண்டே இல்லையே தம்பி" என்கிறார் வீட்டுக்காரர். அப்படிச் செய்தால் வீட்டு ஒயரிங் வழியாகக் கரண்ட் வெளியே போய், டிரான்ஸ்பார்மரில் பின்பக்கமாக ஏறி, 11 ஆயிரம் வோல்ட்டாக மாறிக் கம்பியில் நிற்கும். அங்கே வேற்று மாவட்டத்திலிருந்து உதவிக்கு வந்த லைன்மேன் கை வைத்திருப்பார். மோட்டார் ஒயரை வீட்டு இணைப்பிலிருந்து கழற்றி ஜெனரேட்டரில் நேராகக் கொடுங்கள். அடிக்கடி தேவைப்படும் வீடென்றால், லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டுவிடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்ததும் டேங்க்கை விளிம்பு வரை நிரப்புங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு, 1000 லிட்டர் நிறைந்த பிளாஸ்டிக் டேங்க் ஒரு டன் எடை, பறக்காது. காலி டேங்க்குகள் தென்னந்தோப்புக்குள் உருண்டு கிடந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன்.

கிணற்றிலோ டேங்க்கிலோ வெள்ளம் கலந்திருந்தால், 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு. ஒரு வாளியில் கரைத்து, தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். குடிக்க எப்படியும் கொதிக்கவைத்த தண்ணீர்தான்.

ஃபிரிட்ஜில் இருப்பதெல்லாம் என்ன ஆகும்?

கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்த்தட்டு நாலு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். அதனால் எச்சரிக்கை வந்த அன்றே காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி உறையவிடுங்கள். ஒரு டம்ளரில் ஐஸ் வைத்து மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். முகாமுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. மீனையும் கறியையும் முகர்ந்து பார்க்கவே வேண்டாம், குழி தோண்டிப் புதையுங்கள்.

இட்லி மாவுக்குக் கவலை வேண்டாம், அதற்கு நம் வீடுகளில் வழி இருக்கிறது. முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை. அதற்கு மேல் புளித்தால் வெங்காயம், பச்சைமிளகாய் வதக்கிக் கொட்டிப் பணியாரம். மாவுப் பாத்திரத்தை அகலத் தட்டில் தண்ணீர் விட்டு நடுவில் வைத்து, ஈரத்துணியைச் சுற்றினால் இன்னும் அரை நாள் கிடைக்கும். மிக்ஸி இல்லாத சட்னிக்கு அம்மி வேண்டும், அது கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறதா என்று புரட்டாசியிலேயே பாருங்கள். இண்டக்ஷன் அடுப்பை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் ஒரு சின்ன சிலிண்டராவது இருக்கட்டும்.

இன்சுலின் விஷயத்தில் பதற்றம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் குப்பியையோ பேனாவையோ 30 டிகிரிக்குள் பொதுவாக 28 நாள் வரை வெளியே வைத்துப் பயன்படுத்தலாம். வகைக்கு வகை மாறும், அட்டையில் போட்டிருப்பதைப் பாருங்கள். பிரிக்காததைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, மணலும் தண்ணீரும் போட்ட மண்பானைக்குள் சின்னச் சட்டியில் வைக்கலாம். மழைக்காலக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் பானை கோடையில் குளிர்வதைப்போலக் குளிராது, ஓரிரண்டு டிகிரி குறைந்தால் அதிகம். ஐஸோடு ஒட்டி வைத்து உறைந்துபோனால் அந்த இன்சுலின் வீண். சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடும் வீடு என்றால் கணக்கே வேறு. 5 லிட்டர் மெஷின் 350 வாட் வரை இழுக்கும், மேலே சொன்ன பேட்டரியில் மூன்று மணி நேரம்தான். சிலிண்டர் இல்லாமல் புயலை எதிர்கொள்ளக் கூடாது. எச்சரிக்கை வரும்போதே ஜெனரேட்டர் உள்ள ஆஸ்பத்திரிப் பக்கம் போய்விடுவது நல்லது.

போன் காலையில் நூறு, மத்தியானம் பூஜ்யம்

டவர் படுத்திருக்கும், போன் அதைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும். ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, காலை ஒன்பது, மாலை ஆறு என்று நேரம் வைத்துக்கொண்டு திறங்கள். வெளியூர்ப் பிள்ளைகளிடமும் அந்த நேரத்தையே சொல்லிவிடுங்கள், அவர்கள் பயமும் குறையும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்று போட்டிருந்தாலும் போனுக்குள் ஏறுவது ஆறாயிரம் சொச்சம்தான், ஒரு தடவைக்குக் கொஞ்சம் மேல் சார்ஜ். கார், டிராக்டர் பேட்டரியில் போடலாம், இன்ஜின் ஓடும்போது போடுங்கள். ஏடிஎம்மும் யுபிஐயும் டவரோடு சேர்ந்து படுக்கும். பத்து, இருபது, ஐம்பதாகக் கொஞ்சம் நோட்டு வீட்டில் இருக்கட்டும். ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை அன்றைக்கு யாரிடமும் இருக்காது.

ஜெனரேட்டர் போட்டதிலிருந்து தலைவலி, வாந்தி வருகிறது

யோசிக்காமல் எல்லாரும் வெளியே வாருங்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். மயக்கம் தெளியாவிட்டால் 108. மழை படக் கூடாது என்று திண்ணையிலோ கார் ஷெட்டிலோ ஜெனரேட்டரை வைப்பதுதான் வழக்கமான தப்பு. ஜன்னல் கதவிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி, திறந்தவெளியில், மேலே தகரம் மட்டும். பெட்ரோல் ஊற்றும்போது அணைத்து, ஆறவிட்டு ஊற்றுங்கள்.

வீட்டில் தண்ணீர் ஏறி வடிந்தது, ஆர்சிசிபி நிற்கவே மாட்டேன் என்கிறது

ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச். நிற்காததுதான் அதன் வேலை, எங்கோ ஈரத்தில் கரண்ட் கசிகிறது. கட்டைக்குச்சி வைத்து முட்டுக்கொடுப்பவர்கள் உண்டு. வேண்டாம். எல்லா எம்சிபியையும் கீழே இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். நின்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் ஈரம். அதை இறக்கி, டேப் ஒட்டி வைத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். எல்லா எம்சிபியும் இறங்கியிருந்தும் விழுகிறது என்றால், பிளக்கில் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். எம்சிபி பெரும்பாலும் பேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் வழிக் கசிவு அப்படியே இருக்கும். வாஷிங் மெஷினும் மோட்டாரும்தான் எங்கள் அனுபவத்தில் முதல் குற்றவாளிகள். தரையில் இன்னும் தண்ணீர் நிற்கும்போது போர்டு பக்கமே போகாதீர்கள்.

கரண்ட் வந்துவிட்டது, பல்பு கண்ணைப் பறிக்கிறது

எங்கள் ஃபிரிட்ஜைக் கொன்றது இதுதான். ஹால் விளக்கு வெள்ளையாகப் பளீரென்றது, ஃபேன் இரைந்து சுற்றியது. நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டில் அதே நேரம் விளக்கு மங்கி மினுக்கியிருக்கிறது, அது அப்புறம்தான் தெரிந்தது. தெரு லைனில் நியூட்ரல் விட்டுப்போனால் இப்படித்தான் ஆகும், 230 வர வேண்டிய வீட்டில் 300க்கு மேல் ஏறும், இன்னொரு வீட்டில் நூற்றைம்பதுக்கு இறங்கும். பார்த்த நொடியில் மெயினை அணைத்து, தெருவுக்கும் குரல் கொடுத்து, லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

அதனால் கரண்ட் போன அன்றே மெயினை இறக்கி, ஃபிரிட்ஜ், டிவி, மோட்டார் பிளக்குகளைப் பிடுங்கி வைத்துவிடுவதே எங்கள் வீட்டு வழக்கம். தெருவில் வந்துவிட்டது என்று தெரிந்ததும் மெயினைப் போட்டு, ஒரே ஒரு குண்டு பல்பை மட்டும் எரியவிட்டுக் கால் மணி நேரம் பார்ப்போம். அதற்காகவே ஒரு 60 வாட் குண்டு பல்பை வைத்திருக்கிறேன், எல்இடி வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைக் காட்டிக் கொடுக்காது. பல்பு நிதானமாக எரிந்தால் ஃபேன், அதற்குப் பிறகு இன்வர்ட்டர். ஃபிரிட்ஜைத் துடைத்துக் காயவைத்து, ஸ்டெபிலைசர் 200க்கு மேல் காட்டும்போது போடுவோம். மறுபடி கரண்ட் போய் வந்தால் கம்ப்ரஸருக்கு ஐந்து நிமிஷம் ஓய்வு. மோட்டார் கடைசியில், அதுவும் தெருவே ஒரே நேரத்தில் மோட்டார் போடும் முதல் ஒரு மணி நேரம் கழித்து. ஏசியை இரண்டு நாளைக்கு நினைக்கவே மாட்டோம், ஜன்னலைத் திறந்து வைத்தால் சுவரில் ஏறிய ஈரமும் காயும்.